ராஷ்பிஹாரி அவென்யூ: எந்த ராஷ்பிஹாரி?

நமது இதழின் ஆசிரியர் குழு அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்திருந்தது நினைவிருக்கலாம். வெளியூர்களில் நம்மவர் கூடி வசித்த வீதிகளைப் படம் எடுத்து, அந்த வீதிக்கு அப்பெயர் வந்த காரணத்தை இரண்டே வரிகளில் எழுதி அனுப்ப வேண்டும் என்பதே அது. மாதுங்கா, கரோல் பாக், மல்லேஸ்வரம் என்று அன்பர்கள் பலர் அனுப்புவார்கள், கல்கத்தாவுக்கு நான்தான் பொறுப்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன். 1974 முதல் 1996 வரை இருபத்திரண்டு வருஷம் வங்கி உத்தியோகத்தில் அங்கே குடித்தனம் செய்தவன் ஆயிற்றே! ஊரின் பெயர் 2001-ல் கொல்கத்தா என்று மாறியும் என் வாயில் இன்றும் கல்கத்தாதான் வருகிறது. வாசகர்கள் மன்னிக்கவும்.

தென் கல்கத்தாவில் லேக் மார்க்கெட் என்று சொன்னால் தெரியாத தமிழர் இருக்க முடியாது. வாழை இலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், அரைத்துக் கொடுக்கும் காப்பிப் பொடி என எல்லாம் அங்கே கிடைக்கும். ஏ.ஜி. ஆபீஸிலும் ரயில்வேயிலும் வங்கிகளிலும் வேலைக்கு வந்த நம்மவர்கள் இரண்டு மூன்று தலைமுறையாக அதைச் சுற்றியே வீடு பார்த்தார்கள். அந்த லேக் மார்க்கெட் இருக்கும் வீதியின் பெயர் ராஷ்பிஹாரி அவென்யூ. படம் எடுக்கக் கல்கத்தாவுக்குப் புறப்படும் முன்பே, பெயர்க் காரணத்தை இரண்டு வரியில் எழுதி ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். "நேதாஜிக்கு முன்னோடியாக ஜப்பானில் இருந்து விடுதலைப் போர் நடத்திய வீரர் ராஷ்பிஹாரி போஸ் நினைவாக இவ்வீதிக்கு இப்பெயர் அமைந்தது" என்பதே நான் எழுதியது.

அந்த இரண்டு வரியும் தவறு. எப்படித் தெரியவந்தது என்பதையும், உண்மையில் அந்த வீதிக்கு உரியவர் யார் என்பதையும் சொல்லத்தான் இக்கட்டுரை.

பெரியப்பா எடுத்துக்கொண்ட படம்

என் பெரியப்பா யுத்தத்துக்கு முன்பே மலாயாவுக்குப் போய் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கிராணியாக இருந்தவர். 1942-ல் ஜப்பானியர் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்த பிறகு அங்கிருந்த இந்தியர்களைத் திரட்டிய இந்திய சுதந்திர லீகின் தலைவர் ராஷ்பிஹாரி போஸ். மறு வருஷம், 1943 ஜூலை 4 அன்று, சிங்கப்பூரில் அந்தத் தலைமையை அவர் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். தோட்டத் தொழிலாளிகளும் கிராணிகளும் சிறு கடைக்காரர்களுமான ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்த இயக்கத்துக்குப் பணமும் நகையும் ஆளும் கொடுத்தார்கள். பெரியப்பாவும் தம்மால் ஆனதைக் கொடுத்தவர். நேதாஜி என்றால் எழுந்து நிற்பார். ராஷ்பிஹாரி போஸ் என்றால் கண் கலங்குவார். "கையில் கிடைத்த பதவியை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாரே, அது யாரால் முடியும்?" என்பார்.

1978-ல் அவர் எங்களைப் பார்க்கக் கல்கத்தா வந்தார். வந்த மறுநாள் காலை கடைப் பலகை ஒன்றில் "ராஷ்பிஹாரி அவென்யூ" என்று பார்த்ததும் நின்றுவிட்டார். "டேய், இது அவர் பேரா?" என்றார். ஆமாம் பெரியப்பா என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே ராஷ்பிஹாரி அவர்தான். அந்தப் பலகைக்குக் கீழே அட்டென்ஷனில் நின்று சல்யூட் வைத்தார். என்னிடம் இருந்த ஆக்ஃபா கிளிக் காமிராவில் ஒரு படம் எடுத்தேன். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம் என்பதால் அன்று இரண்டாவது எடுக்கவில்லை. பிரிண்ட் வந்ததும் பின்பக்கத்தில் பெரியப்பா தம் கையாலேயே, "என் தலைவர் பெயர் தாங்கிய வீதியில்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தப் படம் இன்றும் எங்கள் அகத்தில் இருக்கிறது. அதே இடத்தில் மறுபடி ஒரு படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை.

மண் குவளைத் தேநீர்

ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். படம் எடுக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வீதி கிழக்கு மேற்காக ஓடுகிறது. மேற்கே காளிகாட் மெட்ரோ நிலையத்தருகே ராஷ்பிஹாரி நாற்சந்தி, பிறகு லேக் மார்க்கெட், தேசப்பிரிய பூங்கா, முக்கோணப் பூங்கா, கிழக்கே கரியாஹாட். காலையில் கிழக்கு நோக்கிப் பிடித்தால் வெயில் நேராக லென்ஸில் விழுந்து எல்லாம் வெளுத்துவிடும். சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கு நோக்கி நிற்க வேண்டும். கரியாஹாட் பக்கம் நடைபாதைக் கடைகள் திறந்துவிட்டால் நீலத் தார்ப்பாயைத் தவிர வேறொன்றும் படத்தில் விழாது. ஆகவே சீக்கிரம் போக வேண்டும்.

பெரியப்பா நின்ற கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி வைத்த ஒரு துணிக்கடை. அதன் பலகையிலும் விலாசம் இருந்தது, "ராஷ்பிஹாரி அவென்யூ" என்று வங்காளியில். வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நான் பார்த்த பலகைகளில் எல்லாம் அவ்வளவுதான். குடும்பப் பெயர் எங்குமே கிடையாது.

நான் முன்னும் பின்னும் நகர்ந்து படம் எடுப்பதை, டீக்கடை பெஞ்சில் மண் குவளையுடன் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கவனித்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டிய வயது. சால்வை, குரங்குக் குல்லாய். என்ன படம் எடுக்கிறீர்கள் என்று விசாரித்தார். என் உடைந்த வங்காளியில் பெரியப்பா கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உங்கள் பெரியப்பா நல்ல மனிதர். ஆனால் அவர் சல்யூட் வைத்தது வேறொருவர் வீட்டு வாசலில்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "தாதா, ராஷ்பிஹாரி போஸ்தானே?" என்றேன்.

"ராஷ்பிஹாரி கோஷ்" என்றார். "நான் ஹைகோர்ட்டில் ஐம்பது வருஷம் பிராக்டீஸ் செய்தவன். எங்கள் தொழிலில் அவர் பெயரைத் தெரியாதவன் அந்தக் காலத்தில் கிடையாது. இப்போது என் பேரனே போஸ் என்றுதான் சொல்லுகிறான். சுற்றிலும் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். அஷுதோஷ் முகர்ஜி ரோடு, சியாமா பிரசாத் முகர்ஜி ரோடு, சரத் போஸ் ரோடு, தேசப்பிரிய ஜதீந்திர மோகன் சென்குப்தா பேரில் பூங்கா. அத்தனை பேரும் சட்டம் படித்தவர்கள். இந்தப் பக்கமே வக்கீல்களின் பேட்டை!"

தேநீருக்கு நான் காசு கொடுக்கப் போனதைத் தடுத்து அவரே கொடுத்தார். நான் படம் எடுப்பதை அத்துடன் நிறுத்திவிட்டு மைத்துனி அகத்துக்குத் திரும்பினேன். முகத்தைப் பார்த்த என் மனைவி, "ஏன்னா, காமிராவை யாராவது பிடுங்கிண்டு போயிட்டாளா?" என்று கேட்டாள். காமிரா பத்திரமாக இருந்தது. போனது என் இருபத்திரண்டு வருஷக் கல்கத்தாப் பெருமைதான். உடனே ஆசிரியருக்குப் போன் செய்து, அந்த இரண்டு வரியை அச்சேற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "அதனாலென்ன மாமா, கட்டுரையாகவே எழுதிவிடுங்கோ" என்றார் அவர்.

வீதி பிறந்த கதை

பெரியவர் சொன்னதற்காக மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு புத்தகங்களைப் பார்த்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன்.

கல்கத்தா இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் 1911-ஆம் வருஷச் சட்டத்தின்படி ஏற்பட்டது. நகரம் தெற்கே விரிவதற்கு வழி செய்தது அதுதான். 1920-களில் டாக்குரியா ஏரியைத் தோண்டி, பள்ளமும் சேறுமாக இருந்த நிலங்களை மேடாக்கி, அகலமான சாலைகளைப் போட்டார்கள். இந்தச் சாலைக்கு முதலில் வழங்கிய பெயர் "மெயின் சூவர் ரோடு". பெரிய சாக்கடைக் குழாய் போன வழி என்பதால் அந்தப் பெயர்! அழகான வீடுகள் எழும்பிய பிறகு அப்படி ஒரு விலாசத்தை யார் விரும்புவார்கள்? அப்போதுதான் ராஷ்பிஹாரியின் பெயர் வந்தது.

எப்போது வந்தது என்பதுதான் இங்கே முக்கியம். வங்கக் கவிஞர் புத்ததேவ போஸ் 1937-ல் குடிபுகுந்த இல்லம் "கவிதா பவன்". அதன் விலாசம் 202, ராஷ்பிஹாரி அவென்யூ. அதாவது 1937-லேயே இந்தப் பெயர் வழக்கில் இருந்திருக்கிறது. அந்தச் சமயம் ராஷ்பிஹாரி போஸ் எங்கே இருந்தார்? 1912 டிசம்பர் 23-ல் தில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ஜ் மீது வெடிகுண்டு வீசப்பட்ட சதிக்குத் திட்டம் தீட்டியவர் என்று தேடப்பட்டு, 1915-ல் ஜப்பானுக்குத் தப்பிப் போனவர் அங்கேயே குடும்பஸ்தராகி இருந்துகொண்டிருந்தார். வைஸ்ராயைக் கொல்ல முயன்றதாக அரசாங்கம் தேடிய ஒருவர் பெயரை, அதே அரசாங்கத்தின் கீழ் இயங்கிய டிரஸ்ட் போட்ட ராஜபாட்டைக்கு வைத்திருப்பார்களா? சற்று யோசித்திருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். யோசிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் ராஷ்பிஹாரி கோஷ்

ராஷ்பிஹாரி கோஷ் 1845-ல் பர்த்வான் ஜில்லாவில் தோரேகோனா என்ற கிராமத்தில் பிறந்தார். போஸ் பிறந்த சுபல்தஹாவும் அதே பர்த்வான் ஜில்லாதான், 1886-ல். ஒரே ஜில்லாவில், ஒரே பெயரில், நாற்பது வருஷ இடைவெளியில் இருவர்! குழப்பத்துக்குக் கேட்பானேன்?

பர்த்வானில் பள்ளிப் படிப்பு, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் மேற்படிப்பு, ஆங்கிலத்தில் எம்.ஏ., பிறகு சட்டம், 1884-ல் சட்டத்தில் டாக்டர் பட்டம். தாகூர் சட்டப் பேராசிரியராக 1875-76-ல் அவர் செய்த சொற்பொழிவுகள் இந்திய அடமானச் சட்டம் பற்றியவை. அவை புத்தகமாக வெளிவந்து, பிற்காலத்து வக்கீல்களும் நீதிபதிகளும் எடுத்துக் காட்டும் பிரமாணமாக விளங்கின. பாகப் பிரிவினை வழக்குகளில் இன்றும் பேசப்படும் 1893-ஆம் வருஷத்துப் பார்ட்டிஷன் சட்டத்துக்கு மசோதா கொண்டுவந்தவரும் அவர்தான். நமது அங்கத்தினர்களில் வக்கீல்கள் பலர் உண்டு. பூர்வீக வீட்டில் ஒரு பங்கை வெளியார் வாங்கிக்கொண்டு பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்தார் அந்தப் பங்கை விலை கொடுத்து மீட்டுக்கொள்ள உரிமை தருகிறதே, அதே சட்டம்தான்.

அவர் வெறும் சம்பாதிக்கும் வக்கீலும் அல்லர். 1905-ல் கர்ஸன் பிரபு கல்கத்தா சர்வகலாசாலைப் பட்டமளிப்பு விழாவில், உண்மை பேசுவது மேலை நாட்டாரின் குணம் என்ற தொனியில் பேசி நம் நாட்டாரை இழிவுபடுத்தியபோது, டவுன் ஹாலில் கூடிய கண்டனக் கூட்டத்துக்குத் தலைமை வகித்துப் பதில் கொடுத்தவர் கோஷ். 1907-ல் பொதுக் கூட்டங்களை ஒடுக்க அரசாங்கம் கொண்டுவந்த மசோதாவைச் சட்டசபையில் எதிர்த்தவர்களிலும் அவர் ஒருவர்.

சூரத்தும் சென்னையும்

இங்கேதான் தமிழ்நாட்டுத் தொடர்பு வருகிறது. அதைப் படித்தபோது எனக்கு மனம் சங்கடப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

1907 டிசம்பரில் சூரத்தில் கூடிய காங்கிரஸ், மிதவாதிகள் தீவிரவாதிகள் என்று இரண்டாகப் பிளந்ததை நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அந்த மகாசபைக்கு மிதவாதிகள் தேர்ந்தெடுத்த தலைவர் சாக்ஷாத் இந்த ராஷ்பிஹாரி கோஷ்தான். திலகர் மேடை ஏறித் திருத்தம் கொண்டுவர முற்பட்டார். அனுமதி மறுக்கப்பட்டது. கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து பிரோஸ்ஷா மேத்தா, சுரேந்திரநாத் பானர்ஜி இருவர் மீதும் பட்டது. நாற்காலிகள் பறந்தன. கோஷ் தம் தலைமை உரையை முடிக்கவே இயலவில்லை. தமிழ்நாட்டிலிருந்து திலகர் பக்கம் நிற்பதற்காகச் சூரத் போனவர்களில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் மகாகவி பாரதியாரும் உண்டு. அந்தப் பயணத்தைப் பற்றிப் பாரதியார் "எங்கள் காங்கிரஸ் யாத்திரை" என்று சிறு நூலும் எழுதினார்.

மறு வருஷம், 1908 டிசம்பரில், மிதவாதிகள் மட்டும் சென்னையில் காங்கிரஸைக் கூட்டினார்கள். தலைவர் மறுபடியும் ராஷ்பிஹாரி கோஷ். அவர் சென்னையில் நாற்காலியில் அமர்ந்த நாளில் மற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். சிதம்பரம் பிள்ளை கோவைச் சிறையில். சுப்பிரமணிய சிவாவும் சிறையில். பாரதியார் புதுச்சேரியில் அடைக்கலம். திலகர் மாண்டலேயில். அரவிந்தர் அலிப்பூர்ச் சிறையில்.

இதைப் படித்ததும், "போயும் போயும் இவர் பெயரிலா நாம் இத்தனை வருஷம் விலாசம் எழுதினோம்!" என்று தோன்றியது உண்மை. பெரியப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ஆனால் மேலே படித்தேன். படிக்கப் படிக்க அந்த அபிப்பிராயம் மாறியது.

பணம் போன வழி

1906-ல், சுதேசி இயக்கத்தின் வேகத்தில், வெள்ளையர் உதவி இல்லாமல் நம் பிள்ளைகளுக்கு நாமே கல்வி அளிப்பதற்காகத் தேசியக் கல்விச் சபை கல்கத்தாவில் ஏற்பட்டது. அது தொடங்கிய தேசியக் கல்லூரியின் முதல் பிரின்சிபால் அரவிந்தர். சபையின் தலைவர் ராஷ்பிஹாரி கோஷ். சூரத்தில் எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் அதற்கு முன் வருஷம் ஒரே பள்ளிக்கூடத்துக்காக உழைத்தவர்கள்! 1921-ல் காலமாகும்வரை கோஷ் அந்தத் தலைமைப் பொறுப்பில் இருந்தார். சபைக்கு அவர் கொடுத்தது சுமார் 13 லட்சம் ரூபாய். அந்தச் சபையின் கல்லூரி ஜாதவ்பூருக்கு மாறி, வளர்ந்து, 1955-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் ஆயிற்று. நமது அங்கத்தினர் குழந்தைகள் எத்தனை பேர் அங்கே எஞ்ஜினீயரிங் படித்திருக்கிறார்கள்!

இன்னொன்று கல்கத்தா சர்வகலாசாலையின் விஞ்ஞானக் கல்லூரி. அஷுதோஷ் முகர்ஜி துணைவேந்தராக இருந்து அதை ஏற்படுத்த முனைந்தபோது, முதலில் நிலமும் பணமும் தந்தவர் தாரக்நாத் பாலித் என்ற வக்கீல். அடுத்து 1913-ல் 10 லட்சம் தந்தவர் கோஷ். 1919-ல் மறுபடியும் 11 லட்சத்துக்கு மேல் தந்தார். பௌதிகம், ரசாயனம், தாவர இயல், பயன்முறைக் கணிதம் ஆகியவற்றுக்கு அவர் பெயரால் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. வெளிநாடு சென்று ஆராய்ச்சி செய்ய உதவித்தொகையும் உண்டு. கொடையாளிகள் இருவரும் போட்ட முக்கியமான நிபந்தனை, இந்தப் பதவிகளில் இந்தியர்கள் மட்டுமே அமர வேண்டும் என்பது. உயர்ந்த உத்தியோகம் எல்லாம் வெள்ளைக்காரனுக்கே என்று இருந்த காலத்தில் அந்த ஒரு வரிக்கு எவ்வளவு பலம் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

அதே 1907-ல், சூரத்தில் செருப்பு பறந்த வருஷத்தில், பதினெட்டு வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் நிதி இலாகாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கினார். சி.வி. ராமன். டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் விஞ்ஞானச் சங்கத்தின் பெயர்ப் பலகையைக் கண்டு இறங்கி உள்ளே போனார் என்பது பிரசித்தமான கதை. பத்து வருஷம் காலையும் மாலையும் அங்கே ஆராய்ச்சி செய்துவிட்டு, 1917-ல் சம்பளம் குறைவு என்று தெரிந்தும் சர்க்கார் உத்தியோகத்தை விட்டு, விஞ்ஞானக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் ஆனார். அவர் அமர்ந்தது பாலித் பெயரால் அமைந்த ஆசனம். அதற்குப் பக்கத்தில் கோஷ் பெயரால் அமைந்த பௌதிக ஆசனத்தில் இருந்தவர் தேவேந்திர மோகன் போஸ். சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாஹாவும் அதே கல்லூரியில் இளம் ஆசிரியர்கள். நம் கே.எஸ். கிருஷ்ணன் 1920-ல் ராமனைத் தேடிக் கல்கத்தா வந்தார். 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறியப்பட்ட ராமன் விளைவில் கிருஷ்ணனின் உழைப்பும் உண்டு.

ராஜாபஜாரில் உள்ள அந்த விஞ்ஞானக் கல்லூரி வளாகத்துக்கு இன்றைய பெயர் ராஷ்பிஹாரி சிக்ஷா பிராங்கண். ராஷ்பிஹாரி அவென்யூவுக்குத் தெற்கே ஏரிக்கரை ஓரமாகப் போகும் சதர்ன் அவென்யூவுக்கு இப்போது டாக்டர் மேகநாத் சாஹா பெயர். கொடுத்தவர் பெயரில் ஒரு சாலை, அந்தக் கொடையால் உயர்ந்த கல்லூரியில் பாடம் சொன்னவர் பெயரில் பக்கத்துச் சாலை. இத்தனை வருஷம் நான் மாலைதோறும் அந்த இரண்டு சாலைகளிலும் நடந்திருக்கிறேன். ஒரு நாளாவது தெரிந்து நடந்தேனா?

மிதவாதி, தீவிரவாதி என்ற கணக்கை வைத்துக்கொண்டு மனிதர்களை எடை போடுவது சரித்திரப் புத்தகத்துக்குச் சௌகரியம். மனிதர்கள் அதற்குள் அடங்குவதில்லை. தமிழ்நாட்டிலேயே பாருங்கள். பாரதியாரின் தேசிய கீதங்களை 1907-ல் முதன்முதலில் தம் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் வி. கிருஷ்ணஸ்வாமி அய்யர். அவர் மயிலாப்பூர் மிதவாதிகளில் முன்னணியில் நின்றவர். கொள்கையில் எதிர்க்கட்சி என்று தெரிந்தே செய்தார்.

டிராம் ஓடிய வீதி

வீதியைப் பற்றி எழுதும்போது டிராமை விட முடியாது. எங்கள் காலத்தில் பாலிகஞ்ச் டிராம் இந்த வீதியின் நடுவே ஆடி அசைந்து போகும். அந்த மணி ஓசையில்தான் என் குழந்தைகள் தூங்கி எழுந்தார்கள். ஆனால் இதே வீதியில், தேசப்பிரிய பூங்கா அருகே, 1954 அக்டோபர் 14 அன்று மாலை நடந்து போய்க்கொண்டிருந்த வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸ் டிராமில் அடிபட்டார். எட்டு நாள் கழித்து, 22-ஆம் தேதி, ஆஸ்பத்திரியில் காலமானார். டாகூருக்குப் பிறகு வங்காளிகள் மிகவும் போற்றும் கவிஞர்களில் ஒருவர் அவர். வங்காளி நண்பர்கள் இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது அவரைச் சொல்லாமல் போவதில்லை. கவிஞரை அந்த வீதி மறக்கவில்லை. வீதிக்குப் பெயர் தந்தவரைத்தான் மறந்துவிட்டது.

இரண்டு படங்கள்

ஊருக்குத் திரும்பும் முன் மறுபடி ஒரு காலை அதே இடத்துக்குப் போனேன். டீக்கடைப் பெரியவரைக் காணவில்லை. பலகையையும் வீதியையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். போன்கள் வந்த இந்தக் காலத்தில் நூறு படம் எடுக்கலாம். பழைய பழக்கத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

நாகபுரி வந்ததும் பெரியப்பாவின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் பின்னால் இருப்பதைத் திருத்த வேண்டுமா? அந்தக் கையெழுத்தின்மேல் பேனாவை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் ராஷ்பிஹாரி போஸ் மேல் வைத்திருந்த பக்தியில் தவறு எதுவும் இல்லை. 1945 ஜனவரியில், சுதந்திரத்தைப் பார்க்காமலே டோக்கியோவில் கண் மூடிய அந்த வீரருக்கு ஒரு சல்யூட் எங்கே நின்று வைத்தாலும் தகும். தவறு என்னுடையது. கேட்ட இடத்தில் "விசாரித்துச் சொல்லுகிறேன் பெரியப்பா" என்று சொல்லாமல், "ஆமாம்" என்றேனே, அதுதான்.

ஆகவே பெரியப்பாவின் வரியை அப்படியே விட்டுவிட்டு, புதிய படத்தின் பின்னால் நான் எழுதியது இது: "ராஷ்பிஹாரி அவென்யூ. சட்ட நிபுணரும் கல்விக் கொடையாளியுமான டாக்டர் ராஷ்பிஹாரி கோஷ் (1845–1921) பெயரால் அமைந்த வீதி. என் பெரியப்பா இங்கே நின்று ராஷ்பிஹாரி போஸுக்கு வணக்கம் செலுத்தினார், 1978." ஆசிரியர் கேட்ட இரண்டு வரிக்கு ஒரு வரி கூடிவிட்டது. பொறுத்துக்கொள்வார்.

அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீதியின் பெயர்க் காரணத்தை எழுதி அனுப்பும் முன், வீட்டில் உள்ள பழைய வாடகை ரசீது, பத்திரம், கடித உறை ஆகியவற்றில் விலாசம் எந்த வருஷத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். பெயர் எப்போது வந்தது என்று தெரிந்தால், யாருடையது என்பது பாதி விளங்கிவிடும். மீதிப் பாதிக்கு அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள், முடிந்தால் ஒரு மண் குவளைத் தேநீரோடு.